வண்டி யார் பெயரில்

என்னிடம் வருவதற்கு முன் அது ஐஸ் வண்டியாக இருந்தது. எங்கள் ஊரான பர்ராங்கியாவின் தெற்குப் பக்கத்துக் கடைகளுக்கு லிபார்தோ அதில்தான் ஐஸ் கட்டிகளைக் கொண்டுபோய் இறக்குவான். லிபார்தோ என் மகள் டயானிஸின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தன்று கோயிலில் அவளைக் கையில் ஏந்தி நின்ற நாளிலிருந்து அவன் எனக்குக் கொம்பாத்ரே, நான் அவனுக்குக் கொம்பாத்ரே. அதற்குப் பிறகு ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ சண்டை என்று அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொள்வார்கள்.

நான் பூச்சி மருந்து அடிப்பவன். கரப்பான், கரையான், எலி, தேள் என்று எதுவானாலும் வருவேன். முதலில் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கடைகளெல்லாம் சொந்தமாக ஐஸ் பெட்டி வாங்கிக்கொண்டதும் லிபார்தோவின் தொழில் படுத்துவிட்டது. வண்டியை என்னிடம் விற்றான். தவணை தவணையாகக் கொடுத்து முடித்தேன். கடைசித் தவணை கொடுத்த அன்று அவன் என்னைக் கட்டிப்பிடித்து, "இனிமே இந்த ஓட்டை வண்டி உன் தலைவலி, கொம்பாத்ரே" என்றான். இருவரும் சிரித்தோம்.

எங்கள் ஊரில் வண்டி கைமாறுவது இப்படித்தான். விற்பவன் நோட்டரி முன்னால் மாற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவான். வாங்குபவன் பெயர் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டு அதைக் கையில் கொடுத்துவிடுவான். வரியும் மிச்சம், வரிசையில் நிற்பதும் மிச்சம். அந்தக் காகிதம் யார் கையில் இருக்கிறதோ வண்டி அவனுடையது. இப்போதே என் பெயருக்கு மாற்றிக் கொடு என்று கேட்பது, ஒருவன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்துகொண்டு தட்டைக் கழுவினீர்களா என்று கேட்பதைப் போன்றது. அதுவும் கொம்பாத்ரேயிடம் யார் கேட்பார்கள்? காகிதத்தை மடித்து வண்டியின் முன்பெட்டிக்குள் வைத்தேன். எல்லாரும் அங்கேதான் வைப்பார்கள். போலீஸ் நிறுத்தினால் காட்ட வேண்டுமே.

வண்டியை வேலைக்கு ஏற்றபடி அமைக்க எமிரோவைக் கூப்பிட்டேன். எமிரோ தச்சன். அவன் பட்டறையில் கரையான் வந்தபோது மருந்து அடித்துக் கொடுத்த பழக்கம்.

"என்ன வேணும், சொல்லு. பீரோ செய்யணுமா, சவப்பெட்டி செய்யணுமா?" என்று கேட்டான், வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்து.

"எனக்குச் சவப்பெட்டி தேவைப்படாம இருக்கத்தான் உன்னைக் கூப்பிட்டேன். மருந்து வாடை முன்னால வரக்கூடாது. நான் ஓட்டற இடத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவுல ஒரு இடுக்குகூட இல்லாம அடைச்சுடு."

அவன் தகரமும் பலகையும் சேர்த்து அடைத்தான். மேலே காற்றுப் போக வழி வைத்தான். மருந்துப் புட்டிகளுக்குக் கனமான ஒரு மரப்பெட்டி செய்து, உள்ளே தகரம் அடித்து, புட்டி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறை விட்டு, தரையோடு போல்ட் போட்டு முடுக்கினான். மூடியில் இரண்டு பூட்டுகள். பெரிய டேங்கை இரும்புப் பட்டையால் கட்டினோம். ஹோஸ் சுற்ற ஓர் உருளை, சிந்தினால் போட மணலும் மரத்தூளும் கலந்த வாளி, கண்ணில் பட்டால் கழுவ ஒரு கேன் நல்ல தண்ணீர், சோப்பு, தீயணைக்கும் சிலிண்டர். எல்லாவற்றுக்கும் இடம் வைத்தோம். எமிரோ கூலியில் பாதிதான் வாங்கினான். மீதிக்கு அவன் மாமியார் வீட்டு எலிகளை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றான்.

பக்கத்தில் பெயிண்ட் அடித்த பிறகும் பழைய எழுத்து மங்கலாகத் தெரிந்தது. தெருவில் போனால் யாராவது கத்துவார்கள். "உபால்தோ, ஒரு கட்டி ஐஸ் குடுப்பா, கரப்பான் கலக்காம!"

இன்சூரன்சுக்கு லிபார்தோவும் வந்தான். பதிவு அவன் பெயரில் இருந்ததால் பாலிசியும் அவன் பெயரில்தான் போடமுடியும் என்றார்கள். மாதாமாதம் பணம் கட்டுவது நான். ஏஜென்ட் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

"என்ன உபயோகம்? குடும்ப வண்டின்னு போட்டுடவா? பூச்சி மருந்துக்காரங்க பாதிப்பேர் அப்படித்தான் போடறாங்க. கம்மியா வரும்."

"வேணாங்க. மருந்து ஏத்திட்டுப் போற வேலை வண்டின்னே போடுங்க."

லிபார்தோ என் விலாவில் இடித்தான். "பாவசங்கீர்த்தனத்துக்குப் போற மாதிரியே எல்லா இடத்துக்கும் போவியா? கேக்காததையும் சொல்லிக்கிட்டு."

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கம்பெனிக்காரன் நம்ம பொய்யைத்தான் முதல்ல தேடுவான், கொம்பாத்ரே."

ஏஜென்ட் வந்து டேங்கையும் பெட்டியையும் பூட்டையும் படம் பிடித்துக்கொண்டு போனார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்று வருடம் வண்டி சோறு போட்டது. நடுவில் ஒருமுறை பெயர் மாற்றிக்கொள்ளலாமா என்று மெல்ல ஆரம்பித்தேன். "கார்னிவல் முடியட்டும்" என்றான் லிபார்தோ. பிறகு நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் ஊரில் மழை பெய்தால் சில தெருக்கள் ஆறாகிவிடும். அவற்றை அரோயோ என்போம். காரை, பஸ்ஸை, மனிதரை எதையும் விட்டுவைக்காமல் மக்தலேனா ஆற்றில் கொண்டுபோய்த் தள்ளும். எந்தத் தெருவில் வரும், எதில் வராது என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். அன்று நான் எடில்மா அம்மாள் வீட்டில் கரையானுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தேன். அது மேட்டுத் தெரு. அங்கே ஒருநாளும் தண்ணீர் வந்ததில்லை. கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல்லும் வைத்திருந்தேன். மழை இறங்கியதும் எடில்மா அம்மாள் காப்பி கொடுத்தார்.

"உக்காருப்பா. இது நிக்கற வரைக்கும் யாரும் எங்கயும் போகப்போறது இல்ல."

காப்பி பாதி இருக்கும்போது ஏதோ இடிந்து விழும் சத்தம் கேட்டது. இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய மதில் சரிந்து, அரோயோவின் வழியை அடைத்துவிட்டது. தண்ணீர் வேறு வழி தேடி எங்கள் தெருவுக்குள் புகுந்தது. நான் வாசலுக்கு வருவதற்குள் வண்டி மெதுவாகத் திரும்பியது, யாரோ உள்ளே உட்கார்ந்து ஓட்டுவதுபோல. பிறகு போய்விட்டது. பின்னால் ஓடப்போன என் சட்டையை எடில்மா அம்மாள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

நான் அழுதேன். வண்டிக்காக என்று அவர் நினைத்தார். என் மனதில் ஓடியதெல்லாம் அந்த மருந்துப் பெட்டி. தண்ணீர் ஆற்றில் சேரும் இடத்தில் மீன் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் அங்கேதான் குளிக்கும். ஆண்டவா, வண்டியை எடுத்துக்கொள், பெட்டியை மட்டும் திறக்கவிடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

மழை விட்டபின் கண்டுபிடித்தோம். ஆற்றோரக் குப்பையில் தலைகீழாக, நசுங்கிய தகர டப்பா மாதிரிக் கிடந்தது. முன்பெட்டி இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. காகிதங்கள் ஒன்றும் இல்லை. ஆனால் எமிரோவின் மரப்பெட்டி போல்ட்டோடு நின்றது. இரண்டு பூட்டும் பூட்டியபடி. திறந்து பார்த்தேன், ஒரு புட்டிகூட உடையவில்லை. சேற்றில் முழங்காலிட்டு நன்றி சொன்னேன். கேட்டதைத்தான் கொடுத்தார். வண்டியை எடுத்துக்கொள் என்று நானேதானே சொன்னேன்.

அப்போதும் எனக்குப் பயம் இல்லை. முழு இன்சூரன்ஸ் இருந்தது. காகிதம் போனால் என்ன, கையெழுத்துப் போட்டவன் இருக்கிறானே.

கம்பெனியிலிருந்து எங்கள் இருவரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். லிலிபெத் என்ற இளம் அதிகாரி. மேசையில் ஒரு சின்ன மாதா சிலை வைத்திருந்தாள். லிபார்தோ எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை சட்டை போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியைத் துடைத்துவிட்டான்.

"நீங்கதான் டிரைவரா?" என்று லிலிபெத் என்னிடம் கேட்டாள்.

"நான்தான் மேடம். வண்டியும் என்னுதுதான். இவர்கிட்ட வாங்கினேன்."

அவள் பேனாவை நிறுத்திவிட்டுத் தாள்களைப் புரட்டினாள். "இவர் அப்படிச் சொல்லலையே. வண்டி தன்னுது, தொழில் தன்னுது, நீங்க தன்கிட்ட வேலை பாக்கற டிரைவர்னு எழுதிக் குடுத்திருக்காரு." லிபார்தோவின் பக்கம் திரும்பினாள். "சார், வண்டிய நீங்க இவருக்கு வித்துட்டீங்களா?"

நான் சிரித்துக்கொண்டே அவனைப் பார்த்தேன். ஏதோ குழப்பம், இப்போது சரிசெய்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் மேசையிலிருந்த மாதா சிலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல" என்றான்.

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை, வியர்க்கவில்லை. கடையில் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டதற்குச் சொல்வதுபோலச் சொன்னான்.

"பத்திரம் ஏதாவது இருக்கா?" என்று அவள் என்னிடம் கேட்டாள்.

"வண்டியோட போயிடுச்சு மேடம்."

அவள் தாளில் ஒரு கோடு போட்டாள். பிறகு மென்மையாகத்தான் சொன்னாள். "நான் காகிதத்துல இருக்கறத மட்டும்தான் எழுத முடியும். மன்னிச்சுக்கங்க. இப்ப நீங்க டிரைவரா மட்டும் பதில் சொல்லுங்க. வண்டி நிறுத்தி இருந்துச்சா, இல்ல ஓடற தண்ணிக்குள்ள நீங்க ஓட்டிட்டுப் போனீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. தெரிஞ்சே அரோயோவுல இறக்கியிருந்தா கம்பெனி யாருக்கும் ஒரு காசு குடுக்காது."

லிபார்தோவின் கால் ஆடுவது நின்றது. நான் ஒரே ஒரு பொய் சொன்னால் போதும். எனக்கும் கிடைக்காது, அவனுக்கும் கிடைக்காது. அது அவனுக்கும் தெரிந்திருந்தது. நான் என்ன சொல்வேன் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அதை நம்பித்தான் அவன் அன்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தான். அவன் சொன்ன பொய்யைவிட என்னை அதிகமாக வருத்தியது அதுதான்.

"நிறுத்தி இருந்துச்சு மேடம். மேட்டுத் தெரு. சக்கரத்துக்குக் கல்லு வச்சிருந்தேன். எடில்மா அம்மாவக் கேளுங்க."

அவள் எழுதிக்கொண்டாள். நான் டிரைவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே படிக்கட்டில் லிபார்தோ என் பின்னால் வந்தான்.

"கொம்பாத்ரே, நில்லு. இங்க யாரும் இல்ல, சொல்றேன். வண்டி உன்னுதுதான். எனக்குத் தெரியாதா? ஆனா என் பையன் சும்மா உக்காந்திருக்கான். ஒரு டாக்சி எடுத்துக் குடுத்தாத்தான் அவன் ஆளாவான். உனக்கு என்ன, கையில தொழில் இருக்கு. ஒரு பம்பு இருந்தாப் பொழச்சுக்குவ."

"கேட்டிருக்கலாமே, கொம்பாத்ரே."

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

நான் யோசித்தேன். "பாதி குடுத்திருப்பேன்" என்றேன். அது உண்மை.

அவன் பிறகு என் தோளைத் தட்டிவிட்டு, "நீ தங்கமான ஆளு" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தத் தோளை அன்று முழுவதும் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பும் வழியில் மறுபடி மழை. குறுக்கே ஓடிய தண்ணீரின் மேல் ஒருவன் பலகை போட்டு, ஆட்களைக் கடக்கவிட்டுக் காசு வாங்கிக்கொண்டிருந்தான். நான் சட்டைப் பையைத் துழாவினேன். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"நீ போ அண்ணே. உங்கிட்ட இன்னைக்கு வேற யாரோ வாங்கிட்டாங்க போல."

முன்பின் தெரியாதவன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு கடந்தேன்.

வீட்டில் என் மனைவி மரெல்விஸ் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தண்ணிக்குள்ள நான்தான் ஓட்டினேன்னு சொல்லியிருக்கலாம்ல? அந்த ஆளுக்கும் இல்லாமப் போயிருக்கும்."

"அது பொய்யாச்சே."

"அவர் சொன்னது என்னவாம்?"

"அது அவரோட பொய். எனக்கு எதுக்கு அது?"

"உன்னக் கட்டிக்கிட்டதுக்குப் பதிலா அந்த மாதா சிலையக் கட்டியிருக்கலாம்" என்றாள். துணியை உதறி உதறி மடித்தாள். இரவு சாப்பிடும்போது மீனில் பெரிய துண்டை என் தட்டில் வைத்தாள். டயானிஸ், ஞானத்தகப்பன் ஞாயிற்றுக்கிழமை வருவாரா என்று கேட்டாள். "வேலை இருக்காம்" என்றேன். அது நான் சொன்ன பொய்.

மறுபடி பம்பைத் தூக்கினேன். மருந்தை மூடி போட்ட வாளிக்குள் வைத்தாலும் பஸ்காரர்கள் வாடை என்று ஏற்றமாட்டார்கள். பெரும்பாலும் நடைதான். ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் தன் மூன்று சக்கர வண்டியைத் தருகிறேன் என்றார். நாளைக்கு அதில் ரொட்டி போகவேண்டுமே என்று மறுத்துவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எடில்மா அம்மாள், மீட்டு வந்த டேங்கையும் பெட்டியையும் தன் கொல்லையில் வைத்துக்கொண்டார். அதைக் கண்டால் அவருக்குப் பயம். பக்கத்தில் போகும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொள்வார். ஆனாலும் எடுத்துக்கொண்டு போ என்று ஒருநாளும் சொல்லவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் எமிரோ என்னைத் தன் பட்டறைக்குக் கூப்பிட்டான். பலகை ஏற்றும் தன் பழைய பிக்கப்பை விற்கப்போவதாகவும், எனக்குத்தான் கொடுப்பேன் என்றும் சொன்னான். முடிந்தபோது முடிந்ததைக் கொடுக்கலாமாம்.

"உன் பெட்டிய இதுல ஏத்தி முடுக்கிடலாம். டேங்குக்கு இடம் அளந்து பாத்துட்டேன். இந்தா சாவி. நாளைக்கு நோட்டரிகிட்டப் போய் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன். பேரு இடத்தக் காலியா விட்டுடறேன், நீ மெதுவா மாத்திக்கோ."

சாவி என் உள்ளங்கையில் இருந்தது. நன்றி சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"எமிரோ, போக்குவரத்து ஆபீசுக்கு எங்கூட வர்றியா? என் பேருக்கே மாத்திடலாம். அப்புறம் இன்சூரன்ஸ் என் பேர்ல எடுக்கணும்."

அவன் முகம் மாறியது. "என்னையா சொல்ற?"

"கோவிச்சுக்காத."

"பணமே வாங்காம சாவியக் குடுக்கறேன். என்னையா?"

தலை குனிந்து நின்றேன். லிபார்தோ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது வண்டி மட்டுமல்ல என்று அப்போதுதான் புரிந்தது. கூலியில் பாதி வாங்கியவனை, ஒரு புட்டி உடையாதபடி பெட்டி செய்தவனை, அவன் வாசலிலேயே நிற்கவைத்துச் சந்தேகப்படும் ஆளாக என்னை ஆக்கிவிட்டிருந்தான். எமிரோ சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. உள்ளே போய் இழைப்புளியை எடுத்துக்கொண்டான். நான் சாவியை அவன் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை கதவு தட்டும் சத்தம். எமிரோ நின்றான். தலையில் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். கையில் வறுத்த கரிமன்யோலா பொட்டலம்.

"கிளம்பு. அங்க வரிசை பெருசா இருக்கும். பசிச்சா நீ இன்னும் சந்தேகப் பிராணி ஆயிடுவ."

"எமிரோ..."

"ராத்திரி தூங்கல நான். முதல்ல உன்னைத் திட்டினேன். அப்புறம் அந்த ஆளைத் திட்டினேன். சூடு பட்டவன் தட்டைத் தொட்டுப் பாக்கறதுக்கு, பரிமாறறவன் கோவிச்சா எப்படி? வா, வா."

வரிசை தெருவுக்கு வந்திருந்தது. மரவள்ளி மாவில் செய்த அந்தப் பலகாரத்தை நின்றபடியே தின்றோம். அவன் தன் கட்டைவிரலைக் காட்டினான். பசை காய்ந்து ரேகையே தெரியவில்லை. "இத வச்சுக்கிட்டு கைரேகை எடுத்தா, எமிரோன்னு ஒரு ஆளே கிடையாதுன்னு சொல்லப்போறாங்க. அப்புறம் உனக்கு வண்டியும் இல்ல, எனக்கு நானும் இல்ல."

அப்போது ஒரு மஞ்சள் டாக்சி வேகம் குறைத்தது. லிபார்தோவின் மகன் ஓட்டினான். பக்கத்தில் லிபார்தோ. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "கொம்பாத்ரே!" என்று கூப்பிட்டான், எதுவுமே நடக்காததுபோல. என் கை தானாக உயர்ந்தது. டாக்சி போய்விட்டது.

"உனக்கு வெக்கமே இல்லையா? கையத் தூக்கற?" என்றான் எமிரோ.

"என்ன பண்ணச் சொல்ற? வண்டிக்குப் பேர் மாத்த இங்க நிக்கறோம். ஞானஸ்நானத்த மாத்த எந்த ஆபீஸ்ல போய் நிக்கறது?"

எமிரோ கடைசிப் பலகாரத்தைப் பிய்த்துப் பெரிய பாதியை என்னிடம் கொடுத்தான்.

எங்கள் முறை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே எமிரோ முன்னால் நகர்ந்து, அந்தக் கூடத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னான்.

"வித்துட்டேன் மேடம். வண்டிய இவருக்கு வித்துட்டேன். இனி இது இவரோடது."

"சரி சார், கத்தாதீங்க" என்றாள் அவள்.

அந்த வார்த்தையைத்தான் நான் வேறொரு மேசைக்கு முன்னால், வேறொருவன் வாயிலிருந்து வருமென்று காத்திருந்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அவள் காட்டினாள். கண் கலங்கியதால் கோடு தெரியவில்லை. எமிரோ தன் பசை விரலை வைத்துக் காட்டினான், இங்கே போடு என்று.